மந்தியின் கைம்மை: ஒரு வாசிப்பின் வரலாறு

1

குறுந்தொகையின் 69ஆம் பாட்டை நான் முதன்முதலாகக் கேட்டது முதுகலைத் தமிழ் வகுப்பில். கடுந்தோட் கரவீரனார் பாடியது. தாவித் திரிந்த ஆண்குரங்கு செத்துப்போகிறது. கைம்மையைத் தாங்கமாட்டாத மந்தி, இன்னும் மரம் தாவக் கற்காத தன் குட்டியைச் சுற்றத்தாரிடம் சேர்த்துவிட்டு, ஓங்கிய மலைப்பக்கத்திலிருந்து பாய்ந்து உயிரை விடுகிறது. அப்படிப்பட்ட மலைச்சாரல் நாட்டுக்காரனே, நடுராத்திரியில் வராதே, நாங்கள் வருந்துவோம் என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். ஆறே அடி.

பாட்டைப் படித்து முடித்த பேராசிரியர் புத்தகத்தை மூடிவிட்டு, "குரங்குக்கே இம்புட்டுக் கற்புன்னா..." என்று நிறுத்தினார். மிச்சத்தைச் சொல்லவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. பையன்கள் பக்கம் சிரிப்பு. பெண்கள் வரிசையில் இருந்த நாங்கள் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டோம். 'சங்க இலக்கியத்தில் விலங்குகளின் கற்புநெறி' என்று நான் எழுதிவைத்த தலைப்பு அந்த நோட்டில் இன்னும் இருக்கிறது. தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. நானும் எழுதினேன். நல்ல மதிப்பெண்.

என் சித்தி இருபத்தெட்டு வயதில் கணவனை இழந்தவள். இரண்டு பிள்ளைகளையும் ஆச்சியிடம் விட்டுவிட்டு, திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். 'பெத்த பிள்ளைகள விட்டுட்டுப் போனவ' என்று ஊரில் அவளுக்குப் பெயர். அந்தக் கேள்விக்கு விடை எழுதிய மூன்று மணி நேரத்தில் சித்தியின் ஞாபகம் எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. ஒரு பிரதியை வாசிக்கக் கற்றுக்கொள்வது என்பது எதையெல்லாம் நினைக்காமல் இருப்பது என்று கற்றுக்கொள்வதும்தான் போலிருக்கிறது.

அந்த மந்தியை யார் யார், எப்போது, எதற்காக வாசித்தார்கள் என்பதே இக்கட்டுரையின் அக்கறை. தமிழ் வகுப்பறை மட்டுமல்ல, விஞ்ஞானமும் இதற்குள் வரும்.

2

முதலில் பிரதிக்குப் போவோம். செத்துப்போன குரங்கைக் கவிஞர் 'கலை' என்கிறார். தொல்காப்பியத்தின் மரபியல், கலை என்ற ஆண்பாற் பெயரை உழை என்னும் மானுக்குக் கொடுத்துவிட்டு, முசுவுக்கும் அது உரியது என்கிறது. மந்தி என்ற பெண்பாற் பெயரையோ குரங்கு, முசு, ஊகம் மூன்றுக்கும் பொதுவாக வைக்கிறது. ஆக, பெண்ணின் பெயரைக்கொண்டு அது எந்த இனம் என்று சொல்ல முடியாது. ஆணின் பெயரைக்கொண்டுதான் சொல்ல முடியும். இலக்கணத்தின் இந்த ஏற்பாடே யோசிக்கத்தக்கது. இருக்கட்டும். புலவர்கள் எல்லா இடத்திலும் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டுப் பாடினார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் மரபியலின் வழியில் போனால் 69ஆம் பாட்டின் விலங்கு முசு. குறுந்தொகை 121இல் கபிலர் முசுக்கலையின் முகம் மை பூசியதுபோல் கறுத்தது என்கிறார். கறுத்த முகமும் நீண்ட வாலும் கொண்ட, இலை தின்னும் மந்தியினம் இது. ஊர்க்கோயில்களில் தேங்காய் பிடுங்கும் நாட்டுக்குரங்கு வேறு.

கபிலரின் அந்தப் பாட்டிலும் ஆண் முசு பாய்கிறது. சரியாகப் பாயத் தெரியாத குற்றம் அதனுடையது. ஒடிந்துபோவது அதைத் தாங்கிய மரக்கொம்பு. தலைவன் செய்த பிழைக்குத் தலைவியின் தோள் பசந்துபோகிறது என்பதற்கு அது உவமை. ஒன்றில் மந்தி பாய்ந்து சாகிறது. இன்னொன்றில் கலை பாய்ந்து கொம்பு ஒடிகிறது. எங்கள் வகுப்பில் முதலாவது கற்புக்கு எடுத்துக்காட்டானது. இரண்டாவது எதற்கும் எடுத்துக்காட்டாகவில்லை. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குரக்குப் பத்து என்றே ஒரு பகுதி, பத்துப் பாட்டு, 271 முதல் 280 வரை இருக்கிறது. குறவர் வீட்டு முற்றத்துப் பாறையில் கடுவனோடு துள்ளி விளையாடும் மந்தி அங்கே இருக்கிறது. அதை யாரும் நெறி என்று சொல்லவில்லை. ஒரு தொகுதியிலிருந்து எதைப் பொறுக்குகிறோம் என்பதில்தான் கருத்தியல் வேலை செய்கிறது.

அடுத்து, பேசுவது யார்? கவிஞர் பேசவில்லை, தோழி பேசுகிறாள். இரவில் வராதே என்று ஓர் ஆணைத் தடுப்பதற்காகப் பேசுகிறாள். வழியில் உனக்கு ஏதாவது நேர்ந்தால் இவள் பிழைக்கமாட்டாள், ஆகவே ஒழுங்காக வந்து மணம் பேசு என்பது உள்ளே கிடக்கும் செய்தி. மந்தியின் சாவு ஒரு வாதம். பேரம் என்றும் சொல்லலாம். உள்ளுறைக்கு நிலம் கருப்பொருள்தான், அதில் தெய்வத்தைச் சேர்க்கக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. வடக்கே அனுமனாகிப் புனிதம் பெற்ற இதே விலங்கு திணைப்பாட்டுக்குள் வெறும் விலங்காக, மனிதப் பேச்சுக்குக் கிடைத்த ஒரு மலைப்பொருளாக இருக்கிறது. கைம்மை என்ற சொல்லை அதன்மேல் ஏற்றியவள் தோழி. அந்தச் சொல் புறநானூற்று 246இல் பெருங்கோப்பெண்டு சிதையை நோக்கிப் போகும்போது மறுத்துப் பேசுகிற கைம்பெண் வாழ்க்கையின் உலகத்தைச் சேர்ந்தது. அந்த வாழ்க்கையின் கொடுமையை அறிந்த ஒருத்திதான் அதை விலங்கின் மேல் ஏற்றிச் சொல்ல முடியும். தோழி சொன்ன வாதத்தை விலங்கின் குணமாகவும், பிறகு அந்தக் குணத்தைப் பெண்ணுக்கான பாடமாகவும் மாற்றியது பிற்கால வாசிப்பு.

3

இதே மந்தியினத்தைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் ஒரு பெரிய சண்டை நடந்திருக்கிறது. தமிழில் அதிகம் பேசப்படவில்லை. சண்டை நடந்த களம் இந்தியா. சண்டையிட்டவர்கள் பெரும்பாலும் வெளியார்.

அமெரிக்காவின் ஃபிலிஸ் ஜே 1958 முதல் 1960 வரை லக்னோவுக்குப் பக்கத்தில் கௌகோரியிலும், பஸ்தாரின் ஓர்ச்சாவிலும் அனுமன் மந்திகளைக் கவனித்தார். அவர் கண்டது அமைதியான ஒரு சமூகம். பிறந்த குட்டியைத் தாய் முதல் நாளிலிருந்தே மற்றப் பெண்களிடம் கொடுக்கிறது. அது கைமாறிக் கைமாறிப் போகிறது. சண்டை குறைவு. கூட்டம் ஓர் உடல் மாதிரி. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பணி. அவருடைய ஆசிரியர் ஷெர்வுட் வாஷ்பர்ன் வழிவந்த மானிடவியலில் சமூகம் என்றாலே இசைவு, செயற்பாடு என்ற பார்வை வலுவாக இருந்தது.

1961இல் யுகிமாரு சுகியாமா கர்நாடகத்தின் தார்வாட் காட்டுக்கு வந்தார். கியோட்டோ பல்கலைக்கழகத்துக்காரர். அந்தப் பள்ளிக்கு ஒரு தனி மரபு உண்டு. 1948இல் கின்ஜி இமானிஷியும் அவருடைய மாணவர்களும் கோஷிமா தீவுக் குரங்குகளை ஆராயத் தொடங்கியபோதே, ஒவ்வொரு குரங்கையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, பெயரிட்டு, உறவுமுறை எழுதி, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணீரில் கழுவித் தின்ன ஆரம்பித்த ஓர் இளம் பெண்குரங்கையும், அவளைப் பார்த்து மற்றவை கற்றுக்கொண்டதையும் 1953 முதல் பதிவு செய்தது இந்த முறையால்தான். மேற்கத்திய ஆய்வாளர்கள் பலர் கூட்டத்தைப் பார்த்தார்கள் என்றால், இவர்கள் ஆட்களைப் பார்த்தார்கள்.

1962இல் தார்வாடில், ஆண்கள் மட்டுமே கொண்ட ஒரு கும்பல், ஓர் ஆணும் பல பெண்களும் குட்டிகளும் இருந்த கூட்டத்தைத் தாக்கியது. பழைய ஆண் துரத்தப்பட்டது. வந்தவர்களில் ஒன்று மற்றவர்களையும் விரட்டிவிட்டுத் தானே தங்கியது. அடுத்துவந்த வாரங்களில் குட்டிகள் ஒவ்வொன்றாகக் கடிபட்டுச் செத்தன. குட்டியை இழந்த மந்திகள் சீக்கிரமே அந்தப் புதிய ஆணோடு கூடின. சுகியாமா இதை 1965இல் வெளியிட்டார்.

கைம்மை இல்லை, கற்பு இல்லை, மலையுச்சி இல்லை. கௌகோரியின் அமைதியான குடும்பமும் இல்லை. அதனால் இந்தச் செய்தியை என்ன செய்வதென்று பலருக்கும் தெரியவில்லை. ஜே (பின்னாளில் ஃபிலிஸ் டொல்ஹினோ) தரப்பு, இது நோய் என்றது. மனிதர்கள் காட்டைச் சுருக்கி, உணவு போட்டுப் பழக்கி, மந்திகளை நெருக்கியடித்து வாழவைத்ததன் கோளாறு. இயல்பான குரங்கு இப்படிச் செய்யாது. இயல்பு எது, பிறழ்வு எது என்று கோடு போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி பைத்தியக்கார விடுதிகளுக்கும் சிறைகளுக்கும் மட்டும் உரியதில்லை. தார்வாட் காட்டிலும் அதே கேள்விதான்.

4

சேரா ப்ளாஃபர் ஹர்டி 1971இல் ராஜஸ்தானின் அபு மலைக்கு வந்தபோது ஹார்வர்டு மாணவி. நெருக்கடிதான் குட்டிக்கொலைக்குக் காரணமா என்று பார்க்கத்தான் வந்தார். பார்க்கப் பார்க்க விடை மாறியது. நெரிசலில் வெறிபிடித்த ஆண்கள் கண்டபடி கொல்லவில்லை. வெளியிலிருந்து கூட்டத்துக்குள் நுழைந்த ஆண்கள், தமக்குப் பிறந்திருக்க முடியாத குட்டிகளைத் தாக்கின. பால் கொடுக்கும் தாய் சூல்கொள்ளத் தாமதமாகும்; குட்டி செத்தால் அந்தத் தாமதம் போய்விடும். கூட்டத்தைக் கைப்பற்றிய ஆண் நீண்டகாலம் அங்கே நிலைப்பதில்லை, அதை இன்னொன்று துரத்தும். ஆகவே அதற்கு அவசரம். இந்த விளக்கத்தை 1974இல் கட்டுரையாகவும் 1977இல் 'தி லங்கூர்ஸ் ஆஃப் அபு' என்ற நூலாகவும் எழுதினார்.

ஆனால் அவர் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆண்களைப் பற்றிய பகுதி அல்ல. மந்திகள் சும்மா இருக்கவில்லை. வெளியாண்களோடும் கூடின, சூலுற்றிருக்கும்போதும் கூடின. குட்டி யாருடையது என்று எந்த ஆணுக்கும் நிச்சயமில்லாமல் போனால் அதைக் கொல்லத் தயங்கும் என்று ஹர்டி விளக்கினார். எங்கள் வகுப்பறை எதைக் கற்பு என்று சொல்லிக்கொடுத்ததோ, அதற்கு நேர் எதிரான நடத்தைதான் அங்கே தாய்மையின் காவல். சில தாய்கள் குட்டியோடு கூட்டத்தைவிட்டே விலகிப்போயின. ஹர்டி சோல் என்று பெயரிட்ட ஒரு கிழமந்தி, பிள்ளை பெறும் காலம் கடந்துபோனது, குட்டியைத் தாக்கவந்த ஆணை மற்றொரு மந்தியோடு சேர்ந்து எதிர்த்துப் பாய்ந்தது. அதுவும் பாய்ச்சல்தான். சாவதற்கான பாய்ச்சலாக இல்லை, அவ்வளவே.

இதையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம், வாசித்தும் இருக்கிறார்கள். டோனா ஹாராவே 1989இல் வெளியிட்ட 'ப்ரைமேட் விஷன்ஸ்' குரங்கியல் வரலாற்றைக் கட்டுடைத்துக் காட்டியது. ஐம்பதுகளில் மந்திக்கூட்டம் இசைவான குடும்பமாகத் தெரிகிறது. எழுபதுகளில் அதே கூட்டம் முதலீடு, உத்தி, இலாப நட்டம் என்று கணக்குப் பார்க்கும் தனிநபர்களின் சந்தையாகத் தெரிகிறது. ராபர்ட் ட்ரிவர்ஸ் பெற்றோரின் 'முதலீடு' பற்றி எழுதியது 1972இல். எட்வர்டு வில்சனின் 'சோஷியோபயாலஜி' 1975இல். அமெரிக்கச் சமூகம் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்ட மொழி மாற மாற, இந்தியக் காட்டு மந்தியும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஹர்டியின் மந்தி, பெண்ணியம் எழுந்த காலத்தில் கண்ணுக்குப் பட்ட மந்தி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெண்கள் களத்துக்குப் போனபிறகுதான் பெண்மந்தி என்ன செய்கிறது என்று பார்க்கவே செய்தார்கள்.

இருபதுகளில் நானும், எல்லாம் மொழிக்குள்தான், வெளியே ஒன்றுமில்லை என்று பேசித் திரிந்தவள்தான். அந்த நிலைப்பாட்டோடு இந்த வரலாற்றைப் படித்தபோது ஓர் இடத்தில் கால் இடறியது. 1999இல் நேபாளத்தின் ராம்நகர் காட்டு மந்திகளைப் பற்றி கரோலா போரிஸும் உடன் ஆய்வாளர்களும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மரபணுவைச் சோதித்துப் பார்த்ததில், குட்டிகளைத் தாக்கிய ஆண்கள் அந்தக் குட்டிகளின் தகப்பன்கள் அல்ல. அந்த மந்திகள் ஊருக்குள் சோறு வாங்கித் தின்று வளர்ந்தவையும் அல்ல, காட்டில் வாழ்பவை. நோய் என்ற வாதம் பெருமளவு விழுந்தது. சுகியாமா 1962இல் பார்த்ததை ஐம்பதுகளின் மொழி 'பிறழ்வு' என்றது, எழுபதுகளின் மொழி 'உத்தி' என்றது. ஆனால் குட்டி செத்தது எந்த மொழியையும் கேட்டுக்கொண்டு அல்ல. நம் வாசிப்புக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு விலங்கு தன்பாட்டுக்கு வாழ்ந்து செத்துக்கொண்டிருக்கிறது. வாசிப்பைத் திருத்திக்கொள்ளச் சொல்லி அது நம்மை நிர்ப்பந்திக்கவும் செய்கிறது. இதைச் சொல்வதால் கோட்பாட்டைக் கைவிட்டுவிட்டேன் என்று நண்பர்கள் சொல்லலாம். கோட்பாட்டின் பெயரால் ஒரு மந்தியைக் கைவிடுவது அதைவிட மோசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

5

இப்போது கரவீரனாரிடம் திரும்புவோம். கணவன் செத்ததற்காக மலையிலிருந்து குதித்த மந்தியை இந்த ஆய்வாளர்கள் யாரும் பதிவு செய்யவில்லை. மந்திக்குக் கைம்மை என்று ஒரு நிலையே கிடையாது. ஆண்கள் வருவார்கள், போவார்கள். செத்த குட்டியை நாள்கணக்கில் சுமந்து திரியும் தாய்கள் உண்டு. அந்தத் துக்கம் பதிவாகியிருக்கிறது. ஆனால் பாட்டில் அதிகம் கவனிக்கப்படாமல் போன ஒரு செய்தி இருக்கிறது: குட்டியைக் கிளையிடம் சேர்த்தல். மந்திக்கூட்டத்தில் பெண்கள் பிறந்த இடத்திலேயே இருப்பார்கள். தாய், மகள், அக்காள், தங்கை, பாட்டி என்று அந்தக் கூட்டமே பெண்வழிச் சுற்றம். ஆண்பிள்ளைகள்தான் வெளியேறுவார்கள். குட்டியைத் தூக்க எப்போதும் ஒரு கை உண்டு. முலைப்பால் மறக்காத குட்டிக்குத் தாயில்லாவிட்டால் பிழைப்பது கடினம் என்றாலும், கூட்டத்தில் ஆபத்து வரும்போது அதற்கு முன்னால் வந்து நிற்பது இந்தச் சுற்றம்தான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் மலையில் யாரோ இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். மலைப்பாய்ச்சல் தோழியின் வாதத்துக்காக வந்தது. கிளை, காட்டிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

எங்கள் வகுப்பு அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விட்டது. 'கிளை: சுற்றம்' என்று பொருள் எழுதினோம், அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கு மேற்கே தெரிவது களக்காடு – முண்டந்துறை மலை. கீழே நாட்டுக்குரங்கு, முண்டந்துறை மேட்டுநிலத்தில் சாம்பல் மந்தி, மேலே மழைக்காட்டில் கருமந்தியும் சோலைமந்தியும், இரவில் தேவாங்கு. இத்தனையும் ஒரே மலையில். ஸ்டீவன் கிரீனும் கேரன் மின்கௌஸ்கியும் எழுபதுகளில் இங்கே சோலைமந்தியை ஆராய்ந்து, உலகத்தில் ஆயிரத்துக்கும் குறைவாகத்தான் அது மிஞ்சியிருக்கிறது என்று எச்சரித்தார்கள். 1976இல் களக்காடு சரணாலயம் ஆனதற்குச் சோலைமந்தி ஒரு முக்கியக் காரணம். 1988இல் முண்டந்துறையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. பின்வந்த கணக்கெடுப்புகள் அந்த எண்ணிக்கையை உயர்த்தின. ஆனால் இன்றும் நாலாயிரத்தைத் தாண்டாது. சோலைமந்தி இப்போதும் அழியும் ஆபத்தில் உள்ள இனம்தான்.

கருமந்தியின் கதை வேறு. இதைக் கொன்றது கறிக்கும் மருந்துக்கும். சின்னவயதில் சந்தையில் 'கருங்குரங்கு லேகியம்' விற்பவனைப் பார்த்திருக்கிறேன். மூச்சிரைப்புக்கும் ஆண்மைக்கும் நல்லது என்பான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள விலங்கு அது; டப்பாவுக்குள் உண்மையில் என்ன இருந்ததோ. கணவனோடு சாகும் கற்பரசியாக ஏட்டில் இருந்த மந்தி, சந்தையில் ஆண்களின் வீரியத்துக்கு லேகியமாக இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

சட்டம் வந்து வேட்டை குறைந்த பிறகும் மிச்சமிருப்பது நிலத்தின் கேள்வி. பெண்கள் பிறந்த இடத்திலேயே வாழும் விலங்குக்குக் காட்டைத் துண்டாக்கினால் என்ன ஆகும்? ஒரு துண்டில் ஒரு சுற்றம் அடைபட்டுப்போகும். வெளியேற வேண்டிய ஆணுக்கு வழி இருக்காது, வரவேண்டிய ஆணும் வரமுடியாது. வால்பாறையில் தேயிலைக்கு நடுவே மிஞ்சிய புதுத்தோட்டம் என்னும் சிறு காட்டில் சோலைமந்திகள் இப்படித்தான் வாழ்கின்றன. மரத்தைவிட்டு இறங்காத விலங்கு சாலையில் இறங்கி வண்டியில் அடிபட்டது. இப்போது சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். மந்திகள் அதன்மேல் நடந்து போகின்றன. கிளை என்றால் மரக்கொம்பு, கிளை என்றால் சுற்றம். அந்த இடத்தில் இரண்டு பொருளும் ஒன்றுதான்.

பாதுகாப்பு என்று பேசும்போது நாம் இன்னமும் தலைக்கணக்கில் பேசுகிறோம். அடைபட்டுக் கிடக்கும் ஒரு கூட்டத்தில் எண்ணிக்கை சிறிதுகாலம் கூடவும் செய்யலாம், அதைப் பார்த்துத் திருப்தியடையவும் செய்யலாம். எந்தப் பெண்வழிச் சுற்றத்துக்கு எந்த நிலம், ஆண்கள் வந்துபோக எந்த வழி என்பதுதான் கேட்கவேண்டியது. மந்தியை அனுமனாகவோ கற்பரசியாகவோ மருந்தாகவோ பார்க்கும் கண்ணுக்கு இந்தக் கேள்வி தோன்றாது. கூட்டத்துக்குள் ஒவ்வொன்றையும் பெயர்சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் தோன்றியது.

போன ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தபோது சித்தியும் வந்திருந்தாள். பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து, குறுந்தொகைப் பாட்டை என் பேச்சில் அவளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "குட்டிய எங்க விட்டுச்சின்ன?" என்றாள். சுற்றத்துக்கிட்ட என்றேன்.

"அப்ப ஏன் குதிக்கணும்? நான் ஆச்சிகிட்ட விட்டுட்டுத்தானட்டி போனேன்" என்றாள்.

இருபது அடி தள்ளி, மருதமரத்தில் சாம்பல் மந்திகள் உட்கார்ந்திருந்தன. ஒரு குட்டி ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போனது. எது தாய் என்று எனக்குத் தெரியவில்லை.